மான் தேடப்போன விரதகாரன்

1

போன கிழமை சாவகச்சேரியிலிருந்து மனைவியின் தம்பி தொலைபேசி எடுத்தார். சுகம் விசாரித்து முடிக்க முதலே கேட்டார்: "அத்தான், நீங்கள் காட்டுக்கை துரத்திப்போய் மான் பிடிச்சனீங்களாம், உண்மையே? கனடாவிலை இறைச்சிக் கடை ஒண்டும் இல்லையோ?"

இந்தக் கதை ஊரில் ஒரு வருஷமாக உலாவுகிறதாம். ஒருவர் சொல்லும்போது என் கையில் துவக்கு இருக்கிறது. இன்னொருவர் சொல்லும்போது வெறுங்கையால் கொம்பைப் பிடித்து மடக்குகிறேன். கந்தசஷ்டி விரதம் பிடித்துக்கொண்டே மான் இறைச்சி தின்றேன் என்று கோயிலடியில் யாரோ சொன்னதைக் கேட்டு மாமி இரண்டு நாள் படுத்துவிட்டாவாம். என்னோடு படித்தவர்கள் இதை நம்பியிருக்க மாட்டார்கள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் நான் நூறு மீற்றரில் மூன்றாம் இடம். ஓடியது மூன்று பேர்.

ஆகவே, நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். மானைச் சுட்டவர் என்னோடு வேலை செய்கிற ரெஜான். அதைக் கண்டுபிடித்தது எங்கள் நாய். நாயை நடத்திக்கொண்டு போனது என் மகள். அன்றைக்கு நான் செய்த ஒரே வேலை, அந்த மானை எவராலும் கண்டுபிடிக்க முடியாதபடி செய்ததுதான்.

2

நாங்கள் இருப்பது மொன்றியலுக்குப் பக்கத்தில் லொங்குய்யில், ஆற்றுக்கு இந்தப் பக்கம். வேலை சென்ட் லோரன்ட்டில், மருந்துப் பெட்டி அடுக்குகிற ஒரு களஞ்சியத்தில். பஸ், மெட்ரோ, பிறகும் மெட்ரோ, பிறகும் பஸ். போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை மணித்தியாலம். என் பிரெஞ்சு முழுக்க இந்தப் பாதையில் படித்ததுதான். 'செம்மஞ்சள் பாதையில் சேவை தடைப்பட்டுள்ளது, சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்பதை நான் சொன்னால் மொன்றியலில் பிறந்தவனே திரும்பிப் பார்ப்பான். அதற்கு வெளியே எனக்குத் தடக்காமல் வருவது ஒரு சொல்: வுய். ஓம் என்று அர்த்தம். பதினைந்து வருஷமாக அந்த ஒரு சொல்லை வைத்துச் சீவித்து வருகிறேன்.

ரெஜானுக்கு ஐம்பத்தெட்டு வயது. களஞ்சியத்தில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவர். வேட்டைக்காரர், தாடிக்காரர், பெரிய கதைகாரர். இடைமறிக்காமல் கேட்கிற ஒரே ஆள் நான் என்பதால் என்னில் நல்ல விருப்பம். (ரெஜான் பிரெஞ்சில் சொன்னதையெல்லாம் எனக்கு விளங்கிய தமிழில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பிழை என்னுடையது.) இரண்டு வருஷத்துக்கு முந்திய வசந்தகாலத்தில் ஒரு மத்தியானம் இருபது நிமிஷம் கதைத்தார். கையால் ஏதோ நீளம் காட்டினார், உயரம் காட்டினார், கண் கலங்கினார். நான் பதினாலு தரம் வுய் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை ஒரு நாய்க்குட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

என் மகள் ஆரணிக்கு அப்போது பன்னிரண்டு. அவளும் ரெஜானும் வாசலில் நின்று நெடுநேரம் கதைத்தார்கள். பிறகு அவள் என்னிடம் திரும்பி, அரைத் தமிழிலும் அரைப் பிரெஞ்சிலும் சொன்னாள்: "அப்பா, நீங்கள் எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொல்லியிருக்கிறீங்கள்."

எல்லாத்துக்கும் என்றால் இவ்வளவும்: ரெஜானின் தமக்கை வீட்டு நாய் போட்ட குட்டி ஒன்றை நாங்கள் வளர்ப்போம். சனிக்கிழமைகளில் அதைப் பழக்குவோம். வேட்டைக்காலத்தில் கூப்பிட்டால் காட்டுக்குப் போவோம். ரெஜான் முந்திய வருஷம் ஒரு மானைச் சுட்டு, அது காயத்தோடு ஓடி, கடைசிவரை கிடைக்கவில்லை. அதை நினைத்து மனிதர் இன்னும் நித்திரை கொள்கிறாரில்லை. அவருடைய தொடர்மாடியில் நாய் வைத்திருக்க விடமாட்டார்கள். "சிவா வீட்டில் வளரட்டும். சிவா நல்ல மனுஷன், ஒன்றுக்கும் மாட்டேன் என்று சொல்லமாட்டான்."

நாயின் பெயர் பிஜூ. ஒரு முழு நாயின் நீளம், கால் நாயின் உயரம். செய்தவன் உடம்பை முடித்துவிட்டுக் காலுக்கு வரும்போது பொருள் தட்டுப்பாடாகியிருக்க வேண்டும். என் மனைவி வசந்தி பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மிச்சம் எப்ப வரும்?"

3

இந்த வேலையை ஊரில் இருப்பவர்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும். நாயை அவிழ்த்துவிட்டு மானைத் துரத்துவதல்ல இது. அது இங்கே குற்றம். சூடுபட்ட மான் சில நேரம் விழாமல் ஓடி, எங்கேயாவது பற்றைக்குள் போய்ப் படுத்துச் செத்துப்போகும். நீளக் கயிற்றில் கட்டிய நாய் மணத்தைப் பிடித்து மெல்லமாக நடக்க, ஆள் பின்னால் போவார். இறந்ததைத் தேடுகிற வேலை. ஓட்டமில்லை, சத்தமில்லை, அவசரமில்லை. எனக்கென்றே செய்த வேலைபோல இருந்தது.

பழக்குவது இப்படி: ரெஜான் ஒரு போத்தில் மான் இரத்தம் தருவார். புல்லில் நாலைந்து அடிக்கு ஒரு சொட்டு விட்டுக்கொண்டே நடந்து, கடைசியில் ஒரு துண்டு மான்தோலை ஒளித்து வைத்துவிட்டு, சில மணித்தியாலம் பொறுத்து நாயைக் கொண்டுபோய்த் தேடவிட வேண்டும். சொட்டு விடுவது நான், நாயை நடத்துவது ஆரணி. பூங்காவில் காலை ஏழு மணிக்கு ஒரு மனிதன் குனிந்து குனிந்து இரத்தம் தெளித்துக்கொண்டு போவதைப் பார்த்த பக்கத்து வீட்டுக் கிழவர் அதற்குப் பிறகு எனக்கு 'போன்ஜூர்' சொல்வதில்லை. றோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போய்விடுகிறார்.

போத்தில் எங்கள் பிறீசரில் இருந்தது, முருங்கையிலைப் பொட்டலத்துக்குப் பின்னால்.

போன வருஷம் கந்தசஷ்டி முதல் நாள், வசந்தி வீடு கழுவி, அடுப்புக் கழுவி, கடைசியில் பிறீசரையும் திறந்தாள்.

"இஞ்சை பாருங்கோ, இதென்ன?"

"தக்காளிச் சோஸ்."

"சோஸ் ஏன் பிறீசருக்கை?"

"பழுதாப் போகாமல்."

"மேலை ஏதோ எழுதிக் கிடக்கு. சாங்... சாங் எண்டு."

இரத்தப் பரிசோதனைக்கு அலைந்து அலைந்து எங்கள் சனத்துக்கு மறக்கமுடியாமல் போன பிரெஞ்சுச் சொல் அது. ஆரணி வடிவான எழுத்தில் 'இரத்தம், குடிக்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டியிருந்தாள்.

அன்று பின்னேரம் குசினி மேசையில் விசாரணை நடந்தது. நான் அகதி வழக்கு நடத்தியவன், வசந்தியும் நடத்தியவள். எப்படி விசாரிப்பார்கள் என்று இரண்டு பேருக்கும் நல்ல பழக்கம். வசந்தி நீதவான். ஆரணி நாயின் வழக்கறிஞர், பிரெஞ்சில் மட்டும் வாதாடுவாள். நான் மொழிபெயர்ப்பாளர். நாய் மேசைக்குக் கீழே என் செருப்பைச் சப்பிக்கொண்டிருந்தது. நான் என் விசாரணையில் இருந்ததைவிட நிதானமாக இருந்தது.

"இஞ்சை இருந்து இந்த வீட்டுக்கு என்ன பிரயோசனம்?"

"அது இன்னும் படிக்குதாம்" என்று மொழிபெயர்த்தேன்.

"திருப்பி அனுப்பினால் உயிராபத்து ஏதும் இருக்கோ?"

ஆரணி யோசித்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னாள்.

"ரெஜானிண்டை தமக்கை வீட்டிலை இப்ப நாலு பூனை இருக்காம்."

"அது உயிராபத்தில்லை. மனக்கஷ்டம்" என்றாள் வசந்தி. பிறகு தீர்ப்புச் சொன்னாள்: "வேலை செய்யிற நாயெண்டால் இருக்கட்டும். திண்டுபோட்டுப் படுக்கிறதுக்கு இந்த வீட்டிலை ஏற்கெனவே ஒராள் இருக்கு. சூரன்போருக்கு முதல் ஒரு மானைக் கண்டுபிடிச்சுக் காட்டட்டும். இல்லாட்டிப் பாரணையண்டு அது வெளிக்கிட வேணும்."

கடைசி வரியை நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. ஆரணி நாயைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

சிரித்துக்கொண்டு எழுதினாலும் விஷயம் சிரிப்பில்லை. பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனதிலிருந்து எங்கள் பிள்ளை எங்களோடு கதைப்பது குறைந்துவிட்டது. சாப்பிட்டியா? தோளைக் குலுக்குவாள். பள்ளிக்கூடம் எப்படி? "பா மால்", பரவாயில்லை. தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும், பிரெஞ்சில் கேட்டால் என் பிரெஞ்சைக் கேட்டு முகம் சுருங்கும். வீட்டில் அவள் முழு வசனம் பேசுவது நாயோடு மட்டும்தான். நானும் வசந்தியும் குசினியில் நின்றுகொண்டு அதைக் கேட்போம். நாய் போனால் அந்தச் சத்தமும் போய்விடும். இது வசந்திக்கும் தெரியும். ஆனால் விரதகாலத்தில் பிறீசருக்குள் இரத்தம் கண்ட பெண்ணிடம் அதை எடுத்துச் சொல்லுகிற துணிவு எனக்கு இருக்கவில்லை.

4

அப்போது எங்கள் குடியுரிமை விண்ணப்பம் போட்டு ஒன்பது மாதம். எந்தக் குற்றத்திலும் மாட்டக்கூடாத காலம். சிவப்பு விளக்கில் றோட்டைக் கடக்கமாட்டேன், பஸ்ஸில் கடலைக் கோது போடமாட்டேன். ஊரில் வளர்ந்தவனுக்கு இந்தப் பயம் புதிதல்ல. பத்தொன்பது வயதுக்குள் நான் படித்த புத்தகங்களைவிட நீட்டிக் காட்டிய அடையாள அட்டைகள் அதிகம். இராணுவக் காவலரணில் நிற்கிற பெடியனுக்கு என் வயதுதான் இருக்கும். எதைக் கேட்பான் என்று தெரியாது, ஆகவே எல்லாவற்றையும் கொண்டு போவோம். ஒருமுறை என் சிநேகிதன் ஒருவன் கடைச் சிட்டையைக்கூட நீட்டினான், அதையும் அந்தக் காவலரண் பெடியன் தலைகீழாகப் பிடித்து வாசித்துவிட்டுப் போகச் சொன்னான். அந்தப் பழக்கம் விமானம் ஏறி என்னோடு வந்துவிட்டது. என்னிடம் ஒரு நீல நிறப் பிளாஸ்ரிக் கோப்பு இருக்கிறது. வதிவிட அட்டை, வந்திறங்கிய தாள், கலியாணப் பதிவு, ஆரணியின் தடுப்பூசி அட்டை, நாயின் தடுப்பூசி அட்டை, எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு பிரதி.

விசாரணைக்கு அடுத்த நாள் மத்தியான இடைவேளையில் அரசாங்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒன்றை அமத்தினேன், மூன்றை அமத்தினேன், பாட்டுக் கேட்டேன், மீன்பிடிப் பகுதிக்குப் போய்த் திரும்பி வந்தேன். நாற்பது நிமிஷத்துக்குப் பிறகு ஒரு பெண் குரல்.

"நிரந்தர வதிவாளர் ஒருத்தர் காட்டில் நாய்க்குப் பின்னால் போகலாமா?" என்று கேட்டேன்.

"நாய் கயிற்றில் இருக்குமா ஐயா?"

"வுய்."

"அப்படியென்றால் நாய்க்குப் பிரச்சினை இல்லை."

"எனக்கு?"

"நீங்கள் கயிற்றின் மற்ற நுனியில் இருப்பீர்களா?"

"வுய்."

"உங்களுக்கும் பிரச்சினை இல்லை ஐயா. நல்ல நாளாக அமையட்டும்."

அவருடைய பெயரையும் நேரத்தையும் எழுதிக் கோப்பில் வைத்தேன்.

5

வெள்ளிக்கிழமை பின்னேரம் ரெஜான் தொலைபேசி எடுத்தார். ஒரு மானைச் சுட்டாராம். பட்டிருக்கிறது, ஓடிவிட்டது. வயிற்றில் பட்டிருக்கும் என்று நினைக்கிறார், உடனே துரத்தினால் இன்னும் தூரம் ஓடும், ஆகவே விடிய வரட்டாம். பதினாலு தரம் இல்லை, ஒரே தரம் வுய் சொன்னேன்.

சனிக்கிழமை விரதத்தின் ஐந்தாம் நாள். பாலும் பழமுமாக இருக்கிறேன். வெளிக்கிடும்போது வசந்தி வாசலை மறித்தாள்.

"மானைத் தொடக்கூடாது. கண்டாலும் தூர நிண்டு பாருங்கோ."

"ஏன் வசந்தி, முருகனே வேடன் வேசத்திலை மான் தேடித்தானே வந்தவர்?"

"அவர் வள்ளியைத் தேடி வந்தவர். நீங்கள் ஆரைத் தேடிப் போறியள்?"

ஆரணியையும் நாயையும் ஏற்றிக்கொண்டு காரை எடுத்தேன்.

லொங்குய்யிலிருந்து கிழக்கே ஒன்றேகால் மணித்தியாலம். ரெஜானின் மச்சானுக்கு அங்கே மேப்பிள் பாகு எடுக்கிற ஒரு காடு இருக்கிறது. மரத்துக்கு மரம் நீலக் குழாய் கட்டியிருப்பார்கள், சரியாக என் கழுத்து உயரத்தில். பிஜூ அதற்குக் கீழால் இளவரசிபோலப் போனது. நான் பத்தடிக்கு ஒருதரம் யாரையோ கும்பிடுகிறவன்போலக் குனிந்து குனிந்து போனேன்.

ரெஜானின் கண் சிவந்திருந்தது. "விழுந்திருந்தாலும் சரி, தப்பியிருந்தாலும் சரி, சிவா. எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் வீட்டுக்குப் போய் இருக்கேலாது" என்றார். காணாமல் போனதைத் தேடுகிறவனின் கதையை எங்கள் ஆட்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நான் வுய் என்றேன். கனடாவில் நான் முழுதாக அர்த்தம் விளங்கிச் சொன்ன வுய்களில் அது ஒன்று.

சுட்ட இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரவு பொடிப்பனி தூவியிருந்தது, நிலத்தில் இரத்தம் கண்ணுக்குத் தெரியவில்லை. காட்டைக் கையால் காட்டி ஒரு ஐந்து நிமிஷம் ஏதோ விளங்கப்படுத்தினார். நான் வழக்கம்போல வுய், வுய். பிறகு அவரும் ஆரணியும் நாய்க்குப் பட்டி கட்டவும் கயிறு எடுக்கவும் வாகனத்துக்குத் திரும்பிப் போனார்கள். நான் தனியே நின்றேன்.

அப்போதுதான் கண்டேன். கொப்புகளில் அங்கங்கே கழிப்பறைக் கடதாசித் துண்டுகள் குத்தியிருந்தன. இங்கொன்று, பத்தடி தள்ளி ஒன்று, அதற்கப்பால் ஒன்று. சிலது இலைகளோடு ஒட்டிச் சிவப்பாக ஊறியிருந்தது. காட்டு வாசலில் குப்பைப் பெட்டிப் படமும் தண்டம் பற்றிய எழுத்தும் போட்ட ஒரு பலகையைப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தேன். யாரோ வந்து கேட்டால்? 'இது ஆர் போட்டது?' அந்த இடத்தில் நிற்கிற ஒரே ஆள் நான். வெள்ளைக்காரன் போட்ட குப்பைக்கு என் குடியுரிமை போவதா?

ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஒன்றைக்கூட விடவில்லை. பதினேழு துண்டு. எல்லாவற்றையும் சட்டைப் பைக்குள் அடைத்துக்கொண்டு, மரங்களுக்கு நடுவே நின்று, ஒரு நல்ல கனடாக்காரனாக உணர்ந்தேன்.

ரெஜான் வந்தார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார்.

"சிவா, என்னுடைய கடதாசி எங்கே?"

நேற்றுப் பொழுதுபடும்வரை முழங்காலில் ஊர்ந்து, இரத்தச் சொட்டுக் கண்ட ஒவ்வொரு இடத்திலும் அவர் வைத்த அடையாளமாம் அது. நான் வுய் வுய் என்று கேட்டுக்கொண்டிருந்த அந்த ஐந்து நிமிஷமும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

பைக்குள் கையை விட்டுப் பதினேழையும் எடுத்து, மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினேன்.

இந்தக் கெபெக் மாகாணத்துக்காரர் கோபம் வந்தால் மாதா கோயில் சாமான்களின் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள். ரெஜான் பலிபீடத்தில் தொடங்கி, நற்கருணைப் பேழை, கிண்ணம், அப்பம் என்று ஒரு முழுக் கோயிலையும் என் தலையில் இறக்கினார். ஆரணி கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நாய் ஏற்கெனவே பெட்டி கட்டிவிட்டதுபோலப் பார்த்தாள்.

6

இனி நாயை விட்டால் வழியில்லை. ஆரணி பிஜூவைச் சுட்ட இடத்தில் வைத்து, காதுக்குள் ஏதோ சொல்லி, கயிற்றை இளக்கினாள். பிஜூ மூக்கை நிலத்தில் வைத்தது. ஒரு வட்டம் போட்டது. வால் விறைத்தது. பிறகு உறுதியோடு, தடுமாற்றமில்லாமல், நேரே என்னிடம் வந்து என் பையைப் பார்த்துக் குரைத்தது.

திரும்பக் கொண்டுபோய் விட்டாள். திரும்பவும் என்னிடம் வந்தது. நான் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கேயும் வந்தது. அரை மணித்தியாலத்தில் நாலு தரம் என்னைக் கண்டுபிடித்தது. அது நல்ல நாய் என்பதில் எனக்கு அன்றுதான் சந்தேகம் தீர்ந்தது.

"இவரை இங்கேயிருந்து அகற்றவேணும்" என்றார் ரெஜான்.

என் குளிர்ச்சட்டையையும் கையுறையையும் கழற்றி, அந்தக் கடதாசிகளோடு சேர்த்துக் குப்பைப் பையில் கட்டினார்கள். காட்டு வாசலில் பாகு காய்ச்சுகிற கொட்டில் இருக்கிறது, அங்கே போய் இருக்கச் சொன்னார்கள். கொட்டிலில் ஆணியில் தொங்கிய ஒரே சட்டை ரெஜானின் மச்சானுடைய மனைவியினது. ஊதா நிறம், கழுத்தில் முயல்மயிர். குளிரில் வேறு வழியில்லாமல் போட்டுக்கொண்டேன். வேட்டைக்காலம் என்பதால் அதற்கு மேலே என் வேலைத்தலச் செம்மஞ்சள் அங்கி. ஒரு கையில் குப்பைப் பை, மறு கையில் நீலக் கோப்பு. பசி.

அப்போதுதான் வனவிலங்கு அதிகாரியின் வாகனம் வந்து நின்றது. இறங்கியது ஒரு பெண், இடுப்பில் துவக்கு.

"போன்ஜூர். வேட்டைக்கு வந்தவரா?"

"இல்லை."

"பாகு வாங்க வந்தவரா?"

"இல்லை."

"பிறகு?"

பயத்தில் என் பிரெஞ்சு முழுக்க மெட்ரோவுக்குள் ஓடிவிட்டது. "நான் நாயின் தகப்பன்" என்றேன்.

அவள் வேறு கேள்வி கேட்க முதலே கோப்பைத் திறந்து வாகனத்தின் முகப்பில் ஒவ்வொன்றாகப் பரப்பினேன். அவள் ஒரு அட்டையை எடுத்துப் பார்த்தாள்.

"ஐயா, இது யாரோ ஒரு பிள்ளைக்குப் போட்ட சின்னமுத்து ஊசியின் அட்டை."

"இரண்டாவது ஊசியும் போட்டாச்சு."

"நான் உங்களிடம் பத்திரம் ஒன்றும் கேட்கவில்லையே. அந்தப் பைக்குள் என்ன?"

திறந்து காட்டினேன். ஒரு ஆம்பிளைச் சட்டை, கையுறை, இரத்தம் தோய்ந்த பதினேழு கழிப்பறைக் கடதாசி. அவள் அரை அடி பின்னால் வைத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், கையாலும் காலாலும். பலகையைக் காட்டினேன், பொறுக்கிக் காட்டினேன், நாயாக நடித்து என்னையே மோந்து காட்டினேன். முடித்தபோது அவள் மறுபக்கம் திரும்பி ஒரு மேப்பிள் மரத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாளாக்கும் என்று நினைத்தேன்.

அந்த நேரம் தூரத்தில் குரைப்புக் கேட்டது. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து வருகிற அவ்வளவு பெரிய சத்தம் எனக்குத் தெரியும். நானும் அதிகாரியும் அந்தப் பக்கம் நடந்தோம்.

7

ரெஜான் நினைத்த திசைக்கு நேர் எதிரே, ஒரு சின்ன நீரோடைக்கு அப்பால், விழுந்துகிடந்த மரத்தின் கீழே மான் கிடந்தது. முதுகில் பனி படிந்திருந்தது. பத்தடி தள்ளி நின்றாலும் கண்டிருக்க மாட்டோம். பிஜூ அதன்மேல் ஏறி நின்றது, மலை உச்சியில் கொடி நாட்டினவன்போல. ஆரணிக்கு முழங்கால்வரை சேறு, கன்னத்தில் முள் கிழித்த கோடு. நீரோடையில் மணம் அறுந்து நாய் நின்றுவிட்டபோது, ரெஜான் திரும்புவோம் என்று சொன்னாராம். அவள் நாயைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி மறுகரையில் விட்டிருக்கிறாள்.

ரெஜான் தொப்பியைக் கழற்றி, மண்டியிட்டு, மானின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். வசந்தி சொன்னபடி நான் இருபதடி தள்ளியே நின்றேன், கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு. செத்த உயிருக்கு நான் மரியாதை செய்கிறேன் என்று நினைத்து அதிகாரியும் தொப்பியைக் கழற்றினாள். நான் திருத்தவில்லை.

பிறகு ரெஜான் எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். முயல்மயிருக்குள் முகத்தைப் புதைத்து, ஒரேயொரு கோயில் சாமானின் பெயரை மெல்லமாகச் சொன்னார்.

நாய்க்காரருக்கு ஒரு பின்தொடை கொடுப்பது முறையாம். நான் விரதத்தை விளங்கப்படுத்த வேண்டி வந்தது. "ஆறு நாள். கடவுள். அசுரனோடு யுத்தம். கடைசியில் அசுரன் சேவலாகிறான்."

"அப்போ கடவுள் சேவலைச் சாப்பிட்டாரா?"

"இல்லை. கொடியில் வைத்தார்."

ரெஜான் யோசித்தார். "பின்தொடையைக் கொடியில் வைக்கப் போகிறாயா?"

"எனக்கு வேண்டாம்" என்று முடித்தேன். பதினைந்து வருஷத்தில் நான் ரெஜானுக்குச் சொன்ன முதல் மறுப்பு. அவர் ஆச்சரியப்பட்டுப்போனார்.

வெளிக்கிடும்போது ஆரணி அவரிடம் ஏதோ கேட்டாள். அதிகாரி தன் குறிப்புப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். ரெஜான் வாகனத்தின் மேல் வைத்து எழுத, அதிகாரியும் கீழே ஒப்பமிட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பசியில் வாழைப்பழத்தை நினைத்துக்கொண்டு நின்றேன்.

8

வீட்டு வாசலில் வசந்தி. "மூண்டு பேரும் குளிச்சிட்டுத்தான் உள்ளுக்கை." குளித்துவிட்டு வந்தோம். குசினி மேசையில் அவள் தயாராக இருந்தாள்.

"மான்?"

"கண்டுபிடிச்சது" என்றேன்.

"எங்கை?"

"விரதமெண்டு வேண்டாமெண்டிட்டன்."

"அப்ப நான் என்னத்தைப் பாத்து நம்பிறது? உங்கடை வாயையோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெறுங்கையோடு வந்து நிற்கிறோம். ஒரு மயிரைக்கூடக் கொண்டுவரவில்லை. தடயங்களை அழிப்பதில் அன்று நான் இரண்டாம் தரமும் வென்றிருந்தேன்.

ஆரணி காற்சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் விரித்தாள். தன் கட்சிக்காரருக்குச் சாட்சியம் தேவைப்படும் என்பது அவளுக்குக் காட்டிலேயே தெரிந்திருக்கிறது. பிரெஞ்சில் வாசிக்கத் தொடங்கினாள்.

"எனக்கு விளங்கிற பாஷையிலை" என்றாள் வசந்தி.

மொழிபெயர்ப்பாளர் நான்தானே. கையை நீட்டினேன். ஆரணி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். தமிழில் தொடங்கினாள்.

"இந்த... நாய், பிஜூ, இண்டைக்கு என்ரை மானைக் கண்டு... கண்டுபிடிச்சது. அவ்வளவு நல்ல மூக்கு நான் என்ரை வாழ்க்கையிலை பாக்கேல்லை."

ஒவ்வொரு சொல்லும் ஓடையில் கல் தேடி மிதிக்கிறவள்போல வந்தது. எங்கள் வீட்டுக் குசினியில் எத்தனை மாதமாகக் கேட்காத சத்தம். நான் அவளுக்குப் பின்னால் நின்று, எழுத்துக் கூட்டித் தாளைப் படித்துக்கொண்டிருந்தேன். எட்டு வரி. ஐந்தாவது வரி எனக்கே விளங்கிவிட்டது: 'பிள்ளையின் தகப்பன் நான் வைத்த அடையாளம் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டான், நாய் இல்லாவிட்டால் எல்லாம் போயிருக்கும்.'

ஆரணியும் அந்த வரிக்கு வந்து நின்றாள். ஒருதரம் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்பா... அப்பா காட்டை நல்லாத் துப்புரவாய் வைச்சிருந்தவர். அது எங்களுக்குப் பெரிய உதவி."

"வீட்டிலை ஒரு கோப்பையை எடுத்து வைக்கமாட்டார்" என்றாள் வசந்தி. ஆனால் கண் தாளில் இல்லை, மகளின் வாயில் இருந்தது. "கீழை ஒப்பம் ஆரிண்டை?"

"கவண்மேந்து."

வசந்தி தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மடித்தாள். திரும்ப விரித்தாள். "சரி. இருக்கட்டும் அது" என்றாள். நாய் மேசைக்குக் கீழே குறட்டை விட்டது. "ஆனால் ஆத்துக்கை நீ இறங்கின இடம் எனக்கு வடிவா விளங்கேல்லை. அதை இன்னொருக்கா வாசி."

கடிதத்தில் ஆறும் இல்லை, அவள் இறங்கியதும் இல்லை. அது நான் குளித்துவிட்டு வரும்போது வாய்தவறிச் சொன்னது. ஆரணி தாளைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள், பிறகு தாளிலிருந்து வாசிப்பதுபோலவே தொடங்கினாள். தண்ணீர் முழங்காலளவு என்றாள். சொல் வராத இடத்தில் நின்றாள். தாய் எடுத்துக் கொடுத்தாள். "சேறு." "ஓம், சேறு." "வழுக்கினது." "ஓம், வழுக்கினது."

மூன்றாம் தரம் வாசிக்கும்போது தண்ணீர் இடுப்பளவுக்கு வந்துவிட்டது, மானுக்கு இரண்டு கொம்பு கூடியிருந்தது, கயிற்றின் மற்ற நுனியை நான் பிடித்திருந்தேன். ரெஜானின் எட்டு வரி, ஒரு மணித்தியாலம் போயும் முடியவில்லை. ஊரில் உலாவுகிற கதை எங்கேயிருந்து கிளம்பியது என்று மைத்துனருக்கு இப்போது விளங்கியிருக்கும். வசந்திதான் அடுத்த நாள் தொலைபேசி அட்டை முடியுமட்டும் தாய்க்குச் சொன்னவள்.

நான் திருத்தியிருக்கலாம். தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, நாலாம் தரம் கேட்க வந்து இருந்தேன்.